நூற்று இருபத்திரண்டு சீல்கள்

அத்தியாயம் பதினொன்று

சீல்காரர் வீட்டில் அலாரம் வைத்துவிட்டு எல்லோரும் படுத்ததோடு போன வாரம் விட்டிருந்தோம். அலாரம் அடித்துவிட்டது. யாருமே தூங்கியிருக்கவில்லை என்பதால் அதற்குத்தான் வேலையில்லாமல் போயிற்று.

இன்று எக்ஸ்ரே நாள்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. சீல்காரருக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடை. அவர் மனைவி ரெடிமேட் கடை ஒன்றில் பேன்ட்டுக்கு நீளம் குறைப்பதும் சட்டைக்கு இடுப்பு பிடிப்பதுமாக இருப்பவள். தெருவுக்கே தையலம்மா. ஒரே மகள், பதினான்கு வயது. சின்ன வயதில் ஒல்லியாக, நெட்டுக்குத்தாக இருந்ததால் 'பென்சில்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பென்சிலின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று நாலு மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னார். முப்பத்தொரு டிகிரி. உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவசம் ஒன்றை மாட்டினார்கள். அதைக் கழற்றுகிற கொஞ்ச நேரத்தில் தினமும் நாற்பது நிமிடம் பயிற்சி; மருத்துவமனை வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்து, பிறகு வீட்டில் செய்யச் சொல்வார்கள். வளைவு ஏறிக்கொண்டே போனால் கத்தி, கம்பி, திருகாணி என்று சொல்லி அனுப்பினார்கள்.

எல்லாம் மாறியது. பென்சில் என்ற பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

"மூச்சை இழு. இழு. இழு. விடாதே."

பாயில் மல்லாந்து படுத்திருந்தாள் பென்சில். இடது தோள்பட்டைக்கு அடியில் மணல் அடைத்த சின்னத் துணிப்பை. தையலம்மா தைத்தது. ஒரு பக்க முதுகை அந்தப் பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுபக்க முதுகுக்குள் மட்டும் காற்றை அனுப்ப வேண்டும். கேட்க எளிது. செய்து பார்த்தால் தெரியும். நாலு அறை வீட்டில் ஒரே அறைக்கு மட்டும் வெளிச்சம் போகட்டும் என்று சூரியனிடம் சொல்வது மாதிரி. பென்சிலுக்கு அதைப் பழக இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது வலது முதுகு மட்டும் தனியாக எழும்பி அடங்குகிறது.

தலைமாட்டில் சீல்காரர் கடிகாரத்தோடு நின்றார்.

"மார்பு ஏறுது. முதுகு ஏறணும்."

"முதுகுதான்பா ஏறுது."

"எனக்குத் தெரியலையே."

"முதுகு எனக்குப் பின்னாடி இருக்குப்பா. நீங்க முன்னாடி நிக்கறீங்க."

மூலையில் தையல் மிஷின் முன் இருந்த தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊசியைப் பார்த்துக்கொண்டாள்.

சுவரில் சார்ட். அதைப் பற்றிச் சொல்லாமல் சீல்காரரைப் பற்றிச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு வெள்ளைத் தாளில் ஆறு முதுகுகளை வரைந்து, எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் பை என்று கோடு தீட்டிக் கொடுத்திருந்தாள். 'இதெல்லாம் ஒரு படமா?' என்றார் சீல்காரர். ஆறையும் ரப்பரில் செதுக்கினார். நீல மையில் உடம்பு, சிவப்பு மையில் காற்று, கறுப்பு மையில் பை. கெட்டி அட்டையில் அச்சடித்து, மேலே 'முதுகுத்தண்டு சீரமைப்புப் பயிற்சி முறைகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே தன் கடை முகவரியையும் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார். முதுகு வளைந்தவர்களுக்கு அவசரமாக ரப்பர் ஸ்டாம்பு தேவைப்படலாம் அல்லவா.

நாற்பது நிமிடம் முடிந்தது. சீல்காரர் நோட்டைத் திறந்தார். மையை ஒற்றி, உள்ளங்கையால் ஓர் அழுத்து. வட்டத்துக்குள் நட்சத்திரம், நட்சத்திரத்தைச் சுற்றி 'பயிற்சி நிறைவேறியது'. அதற்கென்றே செய்த சீல்.

"நூத்து இருபத்திரண்டு," என்றார். "ஒரு நாள் விட்டுப்போகல. டாக்டர் இந்த நோட்டைப் பார்த்தா அசந்துடுவார்."

"முதுகைப் பார்த்து அசந்தா போதும்," என்றாள் தையலம்மா.

அவள் மடியில் பென்சிலின் சட்டை. இடது தோள் தணிந்து போவதால் அந்தப் பக்கம் உள்ளே பஞ்சுத் துணி வைத்துத் தைப்பாள். வெளியே பார்த்தால் இரண்டு தோளும் சமம். முதலில் ஒரு மடிப்பு போதுமாக இருந்தது. இரண்டு மாதத்தில் இரண்டாயிற்று. இன்று காலை மூன்றாவது மடிப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வளர்கிற வயது, துணியும் சுருங்கும், அளவெடுத்த டேப்பும் பழசு. தன் கையே தன்னிடம் சொன்ன சேதியை அவள் இப்படித்தான் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் பெரிய டாக்டரின் அறை வாசலில் பித்தளைப் பலகை. பட்டங்கள் மூன்று வரிக்கு நீண்டு, பெயர் ஓர் ஓரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. உள்ளே அவர் கம்ப்யூட்டர் திரையில் பென்சிலின் முதுகெலும்பின் மேல் இரண்டு கோடு போட்டார். கோடுகள் சந்தித்த இடத்தில் ஓர் எண் விழுந்தது.

"நாற்பது," என்றார்.

நாற்பது என்பது எவ்வளவு என்று கேட்கத் தேவையில்லை. அந்த வீட்டில் நாலு மாதமாக முப்பத்தொன்றுக்கு மேலே உள்ள எண்கள் எல்லாமே கெட்ட வார்த்தைகள்.

"பயிற்சி செஞ்சியாம்மா?"

"செஞ்சேன் டாக்டர்."

"தினமும்?"

"தினமும்."

"பயிற்சி அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி?"

பென்சில் ஒரு விநாடி அப்பாவைப் பார்த்தாள். "...ம்."

அந்த ஒரு விநாடி டாக்டருக்குப் போதும். முப்பது வருட அனுபவம். பொய்யை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார், அது இல்லாத இடத்தில்கூட.

சீல்காரர் எழுந்து நோட்டை மேஜைமேல் விரித்தார். "நூத்து இருபத்திரண்டு நாள் டாக்டர். தேதிவாரியா. ஒவ்வொண்ணுக்கும் சீல்."

டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார்.

"சீல் ரொம்ப அழகா இருக்கு. முதுகு அப்படி இல்லையே."

"டாக்டர், நான் பக்கத்துலயே நின்னு..."

"நின்னா? உள்ளே மூச்சு எங்க போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைங்க கெட்டிக்காரங்க. பெரியவங்க நிக்கற வரைக்கும் கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பாங்க." அவர் பேனாவைத் திறந்தார். "கவசம் போட்டு, பயிற்சியும் ஒழுங்கா செஞ்சவங்களுக்கு நாலு மாசத்துல ஒன்பது டிகிரி கூடி நான் பார்த்ததில்லை."

சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதியதை உதவியாளரிடம் சத்தமாகவும் சொன்னார், ஃபைலுக்கும் காது கேட்கட்டும் என்பது போல. "வீட்டுப் பயிற்சி செய்யவில்லை. வகுப்பிலிருந்து நீக்கம். அடுத்த வியாழன், அறுவை சிகிச்சை நிபுணர்."

"டாக்டர்..." என்றாள் தையலம்மா.

"பன்னிரண்டு இடம்தாம்மா வகுப்புல. முப்பது பிள்ளைங்க வெளியில காத்திருக்கு. செய்யறவங்களுக்குத்தான் கொடுக்க முடியும். போய்ப் பயிற்சி ஹால்ல கடைசி அளவு கொடுத்துட்டுப் போங்க."

வராந்தாவில் இரும்பு நாற்காலிகள் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. சீல்காரர் உட்காரவில்லை.

"நடிச்சியா?"

பென்சில் நாற்காலியின் திருகாணியைப் பார்த்தாள்.

"நான் சீல் குத்தக் குத்த நீ படுத்துட்டு நடிச்சிருக்கே. நூத்து இருபத்திரண்டு நாள். என் சீல் இந்த ஊர்ல எத்தனை ஆபீஸ்ல இருக்கு தெரியுமா? அதை வச்சு இன்னிக்கு ஒருத்தன் சிரிக்கறான்."

"நான் செஞ்சேன்பா."

"செஞ்சா எப்படிடி நாற்பது வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கத்தாதீங்க," என்றாள் தையலம்மா. "நாலு பேர் பார்க்கறாங்க."

"பார்க்கட்டுமே! பெத்த அப்பனை ஏமாத்தத் தெரிஞ்சவளுக்கு நாலு பேர் பார்த்தா என்ன?"

பென்சில் தன் கவசத்தின் வயிற்றுப் பக்கத்தை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். டொக், டொக் என்று காலி டப்பாச் சத்தம். கோபம் வந்தால் அப்படித் தட்டுவாள். அழுகை வந்தாலும் அதேதான்.

தையலம்மா அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். 'அவ செஞ்சா, நான் பார்த்தேன்' என்று. வாய் வரவில்லை. டாக்டர் சொன்னதில் பாதி அவளுக்குள்ளும் இறங்கியிருந்தது. ஒருவேளை நடித்துத்தான் இருப்பாளோ? மூன்றாவது மடிப்புக்கு வேறு என்ன காரணம்?

பெற்ற மகளை நம்பாமல் போக அவளுக்கு ஒரு வராந்தா தூரம்தான் தேவைப்பட்டது.

பயிற்சி ஹாலில் சுவரோடு ஏணி மாதிரி மரச்சட்டங்கள், தரையில் ரப்பர் விரிப்புகள். பயிற்சி அக்காவுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். குரல் தொண்டையைத் தாண்டுவதற்குள் பாதி தேய்ந்துவிடும். பென்சிலைக் குனியச் சொல்லி, முதுகின்மேல் சாய்வை அளக்கும் ஒரு சின்ன மட்டக் கருவியை வைத்து அளவைக் குறித்தாள்.

"சரி, கடைசியா ஒரு தடவை மூச்சுப் பயிற்சி காட்டு. முதல் நிலை."

"எதுக்கு அக்கா? இடம்தான் போயிடுச்சே."

"எனக்காகக் காட்டு."

பென்சில் கவசத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். கூடையிலிருந்து ஒரு மணல் பையை எடுத்து இடது தோள்பட்டைக்கு அடியில் செருகினாள். கண்ணை மூடினாள். இழுத்தாள்.

வலது முதுகு எழும்பியது. தனியாக, சுத்தமாக, பாடம் எடுக்கிற அளவுக்கு ஒழுங்காக.

பயிற்சி அக்கா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அந்த முதுகுக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தாள்.

"இவ செஞ்சிருக்கா," என்றாள். "தினமும் செய்யாம இது வராது." பிறகு இன்னும் மெல்லிய குரலில், "பாப்பா, உனக்குப் புடைச்சிருக்கற பக்கம் எது?"

"வலது."

"பை புடைச்ச பக்கத்துக்கு அடியிலதானே போகணும்? உள்வாங்கின பக்கத்துக்குத்தானே காத்து?"

பென்சில் கூரையைப் பார்த்தாள். "சார்ட்ல இப்படித்தான் இருக்கு."

"எந்த சார்ட்?"

சீல்காரர் ஃபோனை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை, சார்ட்தான் ஃபோனின் முகப்புப் படம். "நீங்க கொடுத்ததையே கொஞ்சம் தெளிவா..." என்று நீட்டினார். பயிற்சி அக்கா தன் ஃபைலிலிருந்து தான் வரைந்த படத்தின் நகலை உருவினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஆறு முதுகு இங்கே. ஆறு முதுகு அங்கே. நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்திய மாதிரி.

முதலில் புரிந்தது தையலம்மாவுக்குத்தான். தையல் பழகுகிறவர்கள் துணியைத் திருப்ப மறந்து வெட்டினால் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வரும். எத்தனை முறை பார்த்திருக்கிறாள்.

ரப்பரில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். சீல்காரருக்கு அது யோசித்துச் செய்வதில்லை; எழுத்து என்றால் கை தானாகத் திரும்பும். இருபத்தெட்டு வருடத்தில் ஓர் எழுத்து திரும்பி விழுந்ததில்லை. ஆனால் முதுகில் ஏது எழுத்து? கை திரும்பவில்லை. கண்டதைக் கண்டபடி செதுக்கியது. தலைப்பும் முகவரியும் நேராக விழுந்தன. ஆறு முதுகும் இடம் வலமாக விழுந்தன.

சீல்காரர் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு முதுகை வரைந்தார். அழித்தார். திருப்பி வரைந்தார்.

"நடுவுல ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தேனே?" என்றாள் பயிற்சி அக்கா.

"வீட்லயே சார்ட் இருக்கேன்னு..." என்றார் அவர்.

"அதனாலதான் கூடிச்சாம்மா?" என்று தையலம்மா கேட்டாள்.

"தெரியாதுங்க. இது சட்டுனு வளர்ற வயசு. ஒண்ணும் செய்யாமலேயே கூடியிருக்கலாம். சரியா செஞ்சிருந்தாலும் கூடியிருக்கலாம். இதனாலயும் இருக்கலாம். எவ்வளவு எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது."

'ஆமாம், இதனால்தான்' என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அழுது தீர்க்கலாம். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தையலம்மாவுக்கு ஒரு காலை நினைவு வந்தது. சார்ட் மாட்டிய மறுநாள். பென்சில் பையை வலது பக்கம்தான் வைத்தாள். "அக்கா இந்தப் பக்கம்தான்பா தட்டிக் காட்டினாங்க," என்றாள். "படத்தைப் பாரு," என்றார் அவர். "உனக்கு மறந்துபோகும். படத்துக்கு மறதி கிடையாது." பென்சில் எழுந்து உட்கார்ந்து, மிஷின் பக்கம் திரும்பி, அம்மாவைப் பார்த்தாள்.

தையலம்மா அப்போது பல்லிடுக்கில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடித்தபடியே சொன்னாள். "அப்பா சொல்றதைக் கேளேன்டி."

கேட்டாள்.

"டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிடுவார்," என்றாள் பயிற்சி அக்கா. "இப்பவே போய்ச் சொல்லுங்க. 'செய்யவில்லை'ன்னு ஃபைல்ல இருக்கற வரைக்கும் இடம் கிடையாது. நான் சொன்னா, பிள்ளைக்குப் பரிஞ்சு பேசறேன்னு நினைப்பார். பெத்தவங்க சொல்லணும். இடம் இருந்தா சரியான பக்கத்துல கொஞ்ச நாள் செஞ்சு பார்க்கலாம். இல்லேன்னா வியாழக்கிழமை நேரா சர்ஜன்தான்."

வராந்தாவில் மணி பன்னிரண்டே முக்கால். அதே நாற்காலிகள். இந்த முறை சீல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"போங்க," என்றாள் தையலம்மா.

"அந்தப் பொண்ணு இடது வலதுன்னு ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா இது வந்திருக்குமா? சொல்லு. யாராவது எழுத்தே இல்லாம படம் கொடுப்பாங்களா?"

"வாயால சொல்லித்தான் கொடுத்தா. கேட்டவ வந்து உங்ககிட்டச் சொன்னா. நீங்க கேட்டீங்களா?"

"ஆனைக்கும் அடி சறுக்கும்."

"ஆனை சறுக்கினா ஆனைக்குத்தான் அடி. நீங்க சறுக்கினது இவ முதுகுல."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு நம்ப முடியாத ஒன்றைச் சொன்னார். "நாற்பது நாற்பதுதானே. நான் போய்ச் சொன்னா முப்பத்தொண்ணு ஆயிடுமா?"

தையலம்மா பதில் சொல்வதற்குள் பென்சில் பேசினாள்.

"விடும்மா. நான் செய்யலைன்னே இருக்கட்டும்."

"என்னடி சொல்றே?"

"செய்யலைன்னா ஆபரேஷன். பண்ணிட்டா முடிஞ்சிரும். இனிமே சுவரைப் பார்த்து மூச்சு விட வேண்டாம். காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம்." குரல் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சரியா செஞ்சேன், தப்புன்னாங்க. தப்பா செஞ்சேன், சீல் குத்தினாங்க. இப்ப செய்யவே இல்லைங்கறாங்க. எதுவா இருந்தா என்னம்மா?"

சீல்காரர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று தையலம்மாவுக்குத் தெரியவில்லை. இருபது வருடக் குடித்தனத்தில் அவர் முகத்தை அச்சடித்த எழுத்து மாதிரி வாசித்து வந்தவள் அவள். அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

தையலம்மா பின்னாலேயே போனாள். அவரைத் தனியாக விட்டால் எங்கே போய் முடிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்ன?"

"டாக்டர், ரப்பர் ஸ்டாம்புங்கறது ஒரு நுணுக்கமான வேலை," என்று ஆரம்பித்தார் சீல்காரர்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எதையுமே தலைகீழாப் பார்க்கற பயிற்சி வேணும். அதாவது தலைகீழ் இல்ல, பக்கம் மாறி. எழுத்துன்னா ஒரு முறை, உருவம்னா ஒரு முறை. இதுல அச்சுத் தொழில்ல இயல்பா நேரக்கூடிய ஒரு சின்ன இடமாற்றம்..."

"இவர் என்ன சொல்றார்?" என்று டாக்டர் தையலம்மாவைக் கேட்டார்.

அவள் சொல்லிவிடலாம். நாலு வார்த்தை. வாயில் தயாராக இருந்தது. ஆனால் சொல்லவில்லை. "அவரே சொல்வார்," என்றாள்.

சீல்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பெரிய பெரிய அதிகாரிகளின் பதவிகளையெல்லாம் விரலகல ரப்பரில் அடக்கியவருக்கு ஒரு சின்னச் சொல் அடங்க மறுத்தது.

"பிள்ளை செஞ்சா டாக்டர்," என்றார் கடைசியில். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "முதல்ல சரியான பக்கம்தான் செஞ்சா. நான்தான் மாத்தி செய்ய வச்சேன். படத்தை நான் தப்பா அடிச்சிட்டேன். அவ சொன்னா. நான் கேக்கல."

"நானும்தான்," என்றாள் தையலம்மா. "கேளேன்டின்னு சொன்னது நான்."

டாக்டர் ஃபோனில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். பயிற்சி அக்காவின் படத்தைப் பார்த்தார். அரைமணி நேரத்துக்கு முன்னால் அவர் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணைப் பொய்க்காரி என்று தீர்ப்பு எழுதியிருந்தார். டாக்டர்கள் மன்னிப்புக் கேட்க இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே அவர் ஃபைலை இழுத்து, அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டார்.

"எட்டு வாரம்," என்றார். "வாரத்துக்கு ரெண்டு நாள் இங்கே வந்து செய்யணும். கவசம் புதுசா அளவெடுக்கணும். எட்டு வாரம் கழிச்சு எக்ஸ்ரே. அதுக்கப்புறம் ஒரு டிகிரி கூடியிருந்தாலும் என்கிட்ட வராதீங்க, சர்ஜன்கிட்டப் போங்க. பொண்ணைக் கூப்பிடுங்க."

பென்சில் வந்தாள். கவசத்தின் ஒரு பட்டையைச் சரியாக மாட்டாமல் வந்திருந்தாள். தையலம்மாவின் கை தானாக அதன் பக்கம் போயிற்று. பென்சில் அரையடி தள்ளி நின்றாள்.

"உனக்கு இடம் கொடுக்கறேன்," என்றார் டாக்டர். "எட்டு வாரம். ஒழுங்கா செய்வியா?"

"செய்வா டாக்டர்," என்றார் சீல்காரர். "நானே பக்கத்துல நின்னு..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் தையலம்மா.

அவர் சும்மா இருந்தார்.

"செஞ்சா குறையுமா டாக்டர்?" என்று கேட்டாள் பென்சில்.

"குறையறது கஷ்டம். இதோட நிக்கலாம்."

"நிக்குமா?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். முப்பது வருடமாகத் தயாராக இருந்த பதில்தான். அந்தப் பெண் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைந்த முதுகை வைத்துக்கொண்டு எவ்வளவு நேராகப் பார்க்க முடியுமோ அவ்வளவு நேராக.

"சொல்ல முடியாது," என்றார்.

"எனக்கும் இப்ப சொல்ல முடியாது டாக்டர்."

"அப்படின்னா?"

"செய்வேனா மாட்டேனான்னு. யோசிக்கணும். வியாழக்கிழமை சர்ஜன் வருவார்ல? அவரையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

தையலம்மாவின் தொண்டைக்குள் 'சரின்னு சொல்லுடி' என்று ஏறி வந்தது. கெஞ்சலாக, அதட்டலாக, அழுகையாக, மூன்று விதத்திலும் வந்தது. இதே மாதிரி ஒன்றை ஏற்கனவே ஒருமுறை சொல்லியாயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பென்சில் மேஜைமேல் இருந்த எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல், வெளியே நடந்தாள்.

டாக்டர் ஃபைலில் 'வியாழன்' என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.